1974-இன் சிறந்த நடிகர்: ஆஸ்கர் கார்னிக்கு, கணக்கு பசினோவுக்கு

கேள்வி இதுதான்: 1974-ஆம் ஆண்டுப் படங்களுக்கான சிறந்த நடிகர் ஆஸ்கர், அல் பசினோவும் ஜாக் நிக்கல்சனும் போட்டியில் இருந்தபோது ஆர்ட் கார்னிக்குப் போனது எப்படி? நியாயமாக யாருக்குப் போயிருக்க வேண்டும்?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'காட்ஃபாதர்' இரண்டாம் பாகத்துக்காக அல் பசினோவுக்குப் போயிருக்க வேண்டும். 'சைனாடவுன்' நிக்கல்சன் அவருக்கு நூலிழை பின்னால் நிற்கிறார். ஆனால் இந்த விவாதம் எங்கே நடந்தாலும் கார்னியை "அனுதாப ஓட்டில் தட்டிக்கொண்டு போன முதியவர்" என்று தள்ளிவிடுகிறார்கள். 'ஹாரி அண்ட் டோன்டோ'வை முழுதாகப் பார்த்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். அது நல்ல நடிப்பு. அதைவிடப் பெரிய நடிப்பு அதே பட்டியலில் இருந்தது என்பதுதான் வருத்தம்.

முதலில் ஆண்டுக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம், பாதிச் சண்டை இதனால்தான் வருகிறது. 1974-இல் வெளியான படங்களுக்கான விழா 1975 ஏப்ரல் 8-ஆம் தேதி நடந்தது. அது 47-ஆவது ஆஸ்கர். சிலர் "75 ஆஸ்கர்" என்று சொல்லி 'டாக் டே ஆஃப்டர்நூன்' பசினோவையும், 'ஒன் ஃப்ளூ ஓவர் தி குக்கூஸ் நெஸ்ட்' நிக்கல்சனையும் இழுத்து வருவார்கள். அவை அடுத்த ஆண்டுக் கணக்கு. நம் பட்டியலில் இருந்த ஐவர்: 'ஹாரி அண்ட் டோன்டோ'வுக்காக ஆர்ட் கார்னி, 'மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்'ஸுக்காக ஆல்பர்ட் ஃபின்னி, 'லென்னி'க்காக டஸ்டின் ஹாஃப்மன், 'சைனாடவு'னுக்காக நிக்கல்சன், 'காட்ஃபாதர்' இரண்டாம் பாகத்துக்காக பசினோ. அமெரிக்க சினிமாவில் இவ்வளவு கனமான ஐவர் பட்டியல் அமைந்த ஆண்டுகள் குறைவு. இதற்கு வெளியேயும் ஒருவர் நின்றார், அவரிடம் பிறகு வருகிறேன்.

விழாவுக்கு முந்தைய மாதங்களில் காற்று எந்தப் பக்கம் வீசியது? நிக்கல்சன் பக்கம்தான். நியூயார்க் திரைப்பட விமர்சகர் வட்டமும் தேசியத் திரைப்பட விமர்சகர் சங்கமும் அவரைத்தான் தேர்ந்தெடுத்தன, 'சைனாடவுன்', 'தி லாஸ்ட் டீடெய்ல்' இரண்டுக்கும் சேர்த்து. பிரிட்டனின் பாஃப்டாவும் அப்படியே. 'தி லாஸ்ட் டீடெய்ல்' ஆஸ்கர் கணக்கில் முந்தைய ஆண்டுப் படமாகிவிட்டதால் அகாடமியின் வாக்குச்சீட்டில் அவருக்கு 'சைனாடவுன்' ஒன்று மட்டுமே துணை. கோல்டன் குளோபில் நாடகப் படத்துக்கான நடிகர் விருது நிக்கல்சனுக்கும், நகைச்சுவை அல்லது இசைப் படத்துக்கான நடிகர் விருது கார்னிக்கும் போயின. ஆக, கார்னி திடீரென்று வானத்திலிருந்து குதித்தவர் இல்லை. இரண்டு தனித்தனிப் பிரிவுகளில் ஜெயித்த இருவர் ஆஸ்கரில் ஒரே வரிசையில் மோதினார்கள்.

கார்னியை அமெரிக்காவில் அறியாத வீடு கிடையாது. ஜாக்கி கிளீசனோடு 'தி ஹனிமூனர்ஸ்' தொலைக்காட்சித் தொடரில் எட் நார்ட்டனாக வந்தவர், எம்மி விருதுகள் பல வாங்கியவர். 1965-இல் பிராட்வேயில் 'தி ஆட் கப்பிள்' நாடகத்தின் முதல் ஃபீலிக்ஸ் அவர்தான். இரண்டாம் உலகப் போரில் நார்மண்டியில் காலில் அடிபட்டு, ஆயுள் முழுதும் லேசாகச் சாய்ந்து நடந்தவர். இந்தப் படத்தில் நடிக்கும்போது அவருக்கு வயது 55 சுமார், பாத்திரத்துக்கு 72.

பதினைந்து இருபது ஆண்டு இடைவெளியைத் தாண்டி முதுமையை நடிக்கும்போது பெரும்பாலோர் விழும் குழி ஒன்று உண்டு. குரலை நடுங்க விடுவார்கள், கையை உதற விடுவார்கள், ஒவ்வொரு முறை எழும்போதும் முனகுவார்கள். கார்னி இவற்றில் எதையும் செய்யவில்லை. ஹாரி கூம்ப்ஸ் ஓய்வுபெற்ற ஆசிரியர். நியூயார்க்கில் அவர் வாழ்ந்த கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். அவரை நாற்காலியோடு தூக்கி வெளியே வைக்கிறார்கள். பூனை டோன்டோவை எடுத்துக்கொண்டு மகன் வீடு, சிகாகோவில் மகள் வீடு, பிறகு லாஸ் ஏஞ்சலஸில் இன்னொரு மகன் என்று அமெரிக்காவைக் குறுக்காகக் கடக்கிறார். பால் மசூர்ஸ்கியின் இந்தப் படத்தில் ஹாரியின் வேலை பெரும்பாலும் எதிரில் இருப்பவரைக் கேட்பது. கேட்பதை நடிப்பாக ஆக்குவது எவ்வளவு கடினம் என்பது நாடக மேடை ஏறியவர்களுக்குத் தெரியும். முதியோர் இல்லத்தில் பழைய காதலி ஜெஸ்ஸியைச் சந்திக்கும் காட்சியைப் பாருங்கள். நினைவு தப்பிய அவர், ஹாரியை வேறு யாரோ என்று குழப்பிக்கொள்கிறார். இருவரும் சேர்ந்து ஆடுகிறார்கள். கார்னி முகத்தில் இரக்கம் பொங்கவில்லை. ஒரு பெண்ணோடு ஆடும் ஆணின் மரியாதை மட்டும் இருக்கிறது. அதனால்தான் காட்சி தொண்டையை அடைக்கிறது. பிணவறையில் நண்பனை அடையாளம் காட்டும் காட்சியும், கடைசியில் கால்நடை மருத்துவரிடம் கூண்டில் கிடக்கும் பூனையிடம் விடைபெறும் காட்சியும் இதே தரம்.

கூடுதலாக ஒரு தகவல். இந்தப் படத்தில் ஹாரியின் மகளாக வருபவர் எலன் பர்ஸ்டின். அதே இரவில் 'ஆலிஸ் டஸின்ட் லிவ் ஹியர் எனிமோர்' படத்துக்காகச் சிறந்த நடிகை விருது அவருக்குப் போனது. அப்பாவும் மகளும் ஒரே இரவில் வென்ற மாதிரி.

இனி, கார்னி எப்படி வென்றார் என்பது. ஆஸ்கர் வாக்கு எண்ணிக்கையை அகாடமி வெளியிடுவதில்லை. ஆகவே யாருக்கு எத்தனை என்று எவர் எண் சொன்னாலும் நம்ப வேண்டாம். ஆனால் தேர்தல் முறை தெரியும். நடிப்புப் பிரிவில் ஐவரைப் பரிந்துரைப்பது நடிகர்கள் கிளை. இறுதிச் சுற்றில் எல்லாக் கிளை உறுப்பினர்களும் வாக்களிக்கலாம். இறுதிச் சுற்றில் ஆளுக்கு ஒரு பெயர், அதிக வாக்கு பெற்றவர் வெற்றி. நம் ஊர்ச் சட்டமன்றத் தேர்தல் மாதிரியேதான். பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஐந்து பேர் நிற்கும் இடத்தில் 20 சதவீதத்துக்குச் சற்று மேல் வாங்கினாலே வெல்ல வழி இருக்கிறது. கணக்குப் புரிவதற்காக மட்டும் ஒரு கற்பனை: 1000 வாக்குகளில் கார்னிக்கு 260, நிக்கல்சனுக்கு 240, பசினோவுக்கு 230, ஹாஃப்மனுக்கு 150, ஃபின்னிக்கு 120 என்று வைத்துக்கொள்ளுங்கள். 740 பேர் வேறு ஒருவரை விரும்பியும் கார்னி வெல்வார். இரண்டாம் விருப்பம் யார் என்று சீட்டில் கேட்டிருந்தால் முடிவு வேறாக வந்திருக்கலாம். சிறந்த படத்துக்கு இன்று விருப்ப வரிசை முறை இருக்கிறது. நடிப்பு விருதுகளுக்கு இன்றும் கிடையாது.

இந்த முறையில் ஒரே மாதிரி ரசனைக்காரர்களின் வாக்கு பிரியும். பசினோ, நிக்கல்சன், ஹாஃப்மன் மூவரும் அறுபதுகளின் முடிவில் எழுந்த புதிய அலையின் முகங்கள், வயதிலும் ஏறக்குறைய ஒரே தலைமுறை. புதிய சினிமாவை விரும்பிய உறுப்பினர் மூவரில் ஒருவரைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். பழைய தலைமுறை உறுப்பினருக்கோ நெருக்கமாகத் தெரிந்தவர் கார்னி. போதாக்குறைக்கு 'காட்ஃபாதர்' இரண்டாம் பாகம், 'சைனாடவுன்' இரண்டையும் எடுத்தது பாரமவுண்ட். 'ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்'ஸை அமெரிக்காவில் வெளியிட்டதும் அதே நிறுவனம். தன் மூன்று குதிரைகளையும் ஒரே பந்தயத்தில் ஓடவிட்ட நிறுவனம், யாருக்காகத் தனியே உழைக்கும்? கார்னிக்குப் பின்னால் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ். இந்தப் பந்தயத்தில் அவர்களுக்கு அவர் ஒருவர்தான்.

வெளியான காலமும் ஒரு காரணம். 'சைனாடவுன்' ஜூன் மாதப் படம், 'ஹாரி அண்ட் டோன்டோ' ஆகஸ்ட். 'காட்ஃபாதர்' இரண்டாம் பாகம் டிசம்பர் நடுவில்தான் வந்தது, மூன்று மணி இருபது நிமிட நீளத்தோடு. வீட்டுக்கு கேசட்டோ வட்டோ வராத காலம். உறுப்பினர் தியேட்டருக்கோ அகாடமியின் சிறப்புக் காட்சிக்கோ போய்த்தான் பார்க்க வேண்டும். படத்துக்கு ஆரம்பத்தில் கிடைத்த வரவேற்பும் இன்று நாம் நினைப்பது மாதிரி ஒரே குரலாக இல்லை. நியூயார்க் டைம்ஸில் வின்சென்ட் கேன்பி, மிச்சமான துண்டுகளைத் தைத்து ஒட்டிய உருவம் என்ற பொருளில் எழுதினார். இன்றைக்கு அந்தப் படத்துக்கு இருக்கும் கோயில் அந்தஸ்தை 1975-இன் வாக்காளர் தலையில் ஏற்றிவைத்து "எப்படி விட்டார்கள்?" என்று கேட்பது சரியில்லை.

"வயசானவருக்கு ஒரு மரியாதை" என்ற காரணம் மட்டும் போதாது என்பதற்கு அதே இரவிலேயே சாட்சி இருக்கிறது. துணை நடிகர் பிரிவில் 75 வயது ஃப்ரெட் அஸ்டேர் நின்றார், 'தி டவரிங் இன்ஃபெர்னோ'வுக்காக. அமெரிக்கா தலைமேல் வைத்துக் கொண்டாடிய நடனக் கலைஞர், அதுவரை நடிப்புக்கு ஆஸ்கர் வாங்காதவர். விருது அவருக்குப் போகவில்லை. 'காட்ஃபாதர்' இரண்டாம் பாகத்தில் இளம் வீட்டோவாக நடித்த ராபர்ட் டி நீரோவுக்குப் போனது. அனுதாபமே ஆட்டத்தை முடிவு செய்திருந்தால் அஸ்டேர் தோற்றிருக்க மாட்டார்.

இந்த டி நீரோ விருதுதான் பசினோவைப் பாதித்தது என்பது என் கணிப்பு. இந்த மாஃபியா குடும்பக் கதை இரண்டு கால ஓட்டங்களில் நகர்கிறது. அப்பா வீட்டோ ஏழையாக வந்து மேலே ஏறுவது ஒன்று. மகன் மைக்கேல் (பசினோ) எல்லாம் இருந்தும் உள்ளே அழுகிப்போவது மற்றொன்று. டி நீரோ பகுதியில் பொன்னிற வெளிச்சம், சிசிலிய மொழி, ஏறுமுகம், பார்வையாளரின் அன்பு எல்லாம் இருக்கின்றன. பசினோவுக்குக் கிடைத்ததோ இருட்டறை, குளிர்ந்த ஏரிக்கரை, இறங்குமுகம். துணை நடிகர் பட்டியலில் அந்தப் படத்திலிருந்து மூவர் இருந்தார்கள்: டி நீரோ, மைக்கேல் வி. காஸோ, லீ ஸ்ட்ராஸ்பெர்க். "இந்தப் படத்தின் நடிப்புக்கு அங்கே கொடுத்தாயிற்று" என்ற திருப்தி வாக்காளருக்கு எளிதாக வந்துவிடும்.

சரி, பசினோ என்ன செய்தார்? இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த நடிப்பின் குணமே கண்ணில் படாமல் இருப்பது.

1958, டாஹோ ஏரிக்கரை வீட்டில் மகனின் திருவிருந்து விழா. உள்ளறையில் செனட்டர் கியரி, சூதாட்ட உரிமத்துக்கு 2,50,000 டாலரும் மாதா மாதம் வருமானத்தில் 5 சதவீதமும் கேட்டு, குடும்பத்தையும் இனத்தையும் சேர்த்து அவமதிக்கிறார். மைக்கேல் குரலை உயர்த்துவதில்லை. ஒன்றும் தர மாட்டேன், உரிமக் கட்டணம் 20,000 டாலரையும் நீங்களே கட்டினால் நல்லது என்று சொல்லும்போது பசினோவின் உடம்பில் எதுவும் அசைவதில்லை. சாதாரண நடிகர் இங்கே ஒரு புன்னகையோ கண் சுருக்கமோ வைத்து "பார்த்தாயா" என்று நம்மிடம் சொல்லிவிடுவார். பசினோ நம்மிடம் பேசவே இல்லை.

ஹவானாவில் அண்ணன் ஃப்ரெடோ, எதிரியின் ஆளான ஜானி ஓலாவைத் தெரியவே தெரியாது என்று முன்பு சொல்லியிருப்பான். கேளிக்கை விடுதியில் குடிபோதையில் ஓலாதான் தன்னை இங்கே கூட்டி வந்தான் என்று உளறுகிறான். அந்த நொடியில் தம்பிக்குத் தெரிந்துவிடுகிறது: படுக்கையறையில் தன் மீதும் மனைவி மீதும் குண்டு பாய வழி செய்தவன் கூடப் பிறந்தவன். வசனம் கிடையாது. கேமரா பசினோ முகத்தில் நிற்கிறது. கோபம் வருவதற்கு முன் ஒரு குழந்தைத்தனமான வலி அந்த முகத்தில் ஓடி மறைகிறது. படம் முழுக்க அந்த மனிதன் தன் முகத்தைக் காவல் காக்கத் தவறும் ஓரிரு இடங்களில் இது ஒன்று. புத்தாண்டு நள்ளிரவில் ஃப்ரெடோவைப் பிடித்து முத்தமிடும்போது காவல் திரும்ப வந்துவிட்டது. எல்லோரும் அந்த முத்தத்தைக் கொண்டாடுவார்கள். எனக்கு விடுதிக் காட்சிதான் பெரிது.

அடுத்தது வாஷிங்டன் ஹோட்டல் அறை. குழந்தை கலைந்ததல்ல, தானே கலைத்தேன், ஆண் குழந்தை என்று மனைவி கே சொல்கிறாள். வேறு ஒருவர் நடித்தால் அடி விழும் கணம்தான் காட்சியின் உச்சமாக இருக்கும். பசினோ அடிக்கு முந்தைய விநாடிகளை உச்சமாக்குகிறார். தாடை இறுகி நடுங்குகிறது, கண்கள் விரிகின்றன, மூச்சு நிற்கிறது. மூன்று மணி நேரப் படத்தில் மைக்கேல் வெடிப்பது கைவிரல் எண்ணிக்கைதான். குடும்பத்தின் பழைய ஆள் பென்டாஞ்சலி வீட்டில் "என் வீட்டில், என் படுக்கையறையில்" என்று கத்துவது இன்னொன்று. இந்தச் சிக்கனத்தால்தான் ஒவ்வொரு வெடிப்பும் அறைக்குள் இருக்கும் காற்றையே உறிஞ்சுகிறது.

படகுத் துறை அறையில் ஃப்ரெடோவாக நடிக்கும் ஜான் கசால் சாய்வு நாற்காலியில் படுத்த வாக்கில் துடிக்கிறார். ஜன்னலுக்கு வெளியே பனி. காட்சியின் ஓசையும் அசைவும் கசாலுடையவை. அதைக் கெடுக்காமல், எதிர்வினைகூடக் காட்டாமல், அண்ணன் தம்பி உறவை அறுக்கும் சொற்களை ரசீது படிப்பது மாதிரி படிக்கிறார் பசினோ. பிறகு அம்மாவின் சாவு வீடு. தங்கை கெஞ்சிய பிறகு ஃப்ரெடோவை அணைத்துக்கொள்கிறான் மைக்கேல். கை அண்ணன் மேல் இருக்கிறது. கண் மட்டும் மேலே ஏறி அடியாள் அல் நேரியைப் பார்க்கிறது. ஒரே உடம்பில் கை ஒரு செய்தியும் கண் வேறு செய்தியும் சொல்கின்றன. நடிப்புப் பள்ளிகளில் இதைத் திரையிட்டு ஒரு வாரம் பாடம் எடுக்கலாம்.

இதற்கு ஒளிப்பதிவு வேறு ஒத்துழைக்கவில்லை, அல்லது வேறு விதத்தில் ஒத்துழைத்தது என்று சொல்லலாம். ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸ் மேலிருந்து வெளிச்சம் விழவைத்து, கண்களைப் பல இடங்களில் நிழலில் விட்டார். நடிகனின் முதல் ஆயுதம் கண். அது பாதி நேரம் மறைந்திருக்க, கழுத்து, தோள், உட்காரும் தினுசு ஆகியவற்றால் ஒரு மனிதன் கல்லாவதைக் காட்டியிருக்கிறார். படத்தின் இறுதிப் பகுதியில் 1941 டிசம்பர் நினைவுக் காட்சி வருகிறது: அப்பாவின் பிறந்தநாள், மரைன் படையில் சேர்ந்துவிட்டதாகச் சொல்லும் இளைஞன் மைக்கேல். அதில் பசினோவின் குரல், தோள், பார்க்கும் வேகம் எல்லாமே வேறு. அந்தப் பையனைப் பார்த்த பிறகுதான், இத்தனை நேரம் நாம் பார்த்தது அவர் கட்டியெழுப்பிய ஒரு சுவர் என்று புரிகிறது. அப்போது பசினோவுக்கு வயது 34.

இதற்கு வலுவான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. "முதல் பாகத்தைப் பார்க்காதவருக்கு இந்த மாற்றம் தெரியாது. விருது ஒரு படத்துக்கு, இரண்டு படத்துக்கு அல்ல." நியாயமான கேள்வி. ஆனால் மேலே சொன்ன நினைவுக் காட்சி அந்த ஒப்பீட்டை இரண்டாம் பாகத்துக்குள்ளேயே கொண்டு வந்துவிடுகிறது. தவிர, சாவு வீட்டுக் காட்சிக்கும் ஹோட்டல் காட்சிக்கும் முதல் பாகத்தின் துணை தேவையில்லை. இன்னொரு எதிர்வாதம், "ஒரே முகபாவம்தானே" என்பது. நம்மவர்களிடமிருந்து இதை அதிகம் கேட்கலாம். வசனத்தின் ஏற்ற இறக்கமும் முகத்தின் நவரசமும் கண்கூடாகத் தெரிவதை நடிப்பு என்று பழகிய கண்ணுக்கு இது வெறுமையாகப் படுவது இயல்பு. தேசிய விருது பெற்ற 'நாயகன்' கமல்ஹாசனைக் 'காட்ஃபாதர்' வரிசையோடு எப்போதும் ஒப்பிடுகிறோம். அங்கே வேலு நாயக்கரின் துக்கம் வெளியே வந்து உடைகிறது. இங்கே மைக்கேலின் துக்கத்துக்கு வெளிவாசலே கிடையாது. இரண்டு பள்ளிகள். ஒன்றின் அளவுகோலை மற்றொன்றின் மேல் வைத்தால் கணக்கு தப்பும்.

நிக்கல்சனிடம் வருகிறேன். 'சைனாடவு'னில் அவர் இல்லாத காட்சி கிடையாது. அவர் நடித்த தனியார் துப்பறிவாளர் ஜேக் கிட்டிஸுக்குத் தெரிவதுதான் நமக்கும் தெரியும். ஆரஞ்சுத் தோட்டத்தில் அடிபட்டு மயங்கினால் திரையும் இருளும். இப்படி முழுப் படத்தையும் தோளில் சுமக்கும் பாரம் பசினோவுக்கு இல்லை. கதாநாயகனின் மூக்கை அறுத்துவிட்டு, படத்தின் பெரும்பகுதியில் முகத்தின் நடுவே கட்டுப் போட்டு உலவவிட்டிருக்கிறார் இயக்குநர் போலன்ஸ்கி (கத்தியோடு வரும் குண்டராக நடித்தவரும் அவரே). ஆவணக் காப்பகத்தில் ஸ்கேல் வாங்கி வந்து, இருமிக்கொண்டே பக்கத்தைக் கிழிப்பதில் ஒரு தெருப்புத்திசாலியின் சந்தோஷம். முடிதிருத்தும் கடையில் தொழிலைப் பழித்ததும் பொங்கும் ரோஷம். கதாநாயகி ஈவ்லினை அறைந்து உண்மையை வாங்கிய பிறகு, தான் வாங்கியது என்ன என்று உறைக்கும்போது அந்தத் தன்னம்பிக்கை சட்டைப் பொத்தான் அவிழ்வது மாதிரி கழன்று விழுவது. இவை எல்லாம் முதல் தரம். அவருக்குக் கிடைத்திருந்தால் நான் ஒரு வார்த்தை முணுமுணுத்திருக்க மாட்டேன்.

பிறகு ஏன் இரண்டாமிடம்? கிட்டிஸின் வசீகரத்தில் ஒரு பங்கு நிக்கல்சன் என்ற நட்சத்திரத்தின் சொந்த வசீகரம். அந்தச் சாய்ந்த புன்னகையும் இழுத்துப் பேசும் குரலும் அவர் கொண்டு வந்த முதலீடு. பசினோவோ தன்னிடமிருந்த மிகப் பெரிய சொத்தான பொறி பறக்கும் வேகத்தை, முந்தைய ஆண்டு 'செர்பிகோ'வில் எல்லோரும் பார்த்து மயங்கிய அதே வேகத்தை, பூட்டி வைத்துவிட்டு நடித்தார். கையில் இருப்பதைச் செலவழிப்பதைவிடச் செலவழிக்காமல் பணக்காரனாகத் தெரிவது கடினம்.

ஹாஃப்மன் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேடை நகைச்சுவையாளர் லென்னி புரூஸாகக் கடும் உழைப்பு. மழைக்கோட்டோடு போதையில் மேடையேறி வார்த்தை சிதறும் காட்சியை இயக்குநர் பாப் ஃபாஸ் தூரத்தில் நின்று வெட்டாமல் எடுத்திருக்கிறார். அதில் ஹாஃப்மன் அபாரம். ஆனால் மேடைப் பேச்சின் நச்சு நாக்கு அவரிடம் ஒரு சுற்று மென்மையாகிவிட்டது. ஃபின்னி 38 வயதில் ஒப்பனைக்கும் பஞ்சுத் திணிப்புக்கும் உள்ளே உட்கார்ந்து வயதான துப்பறிவாளர் போய்ரோவாகக் கலகலப்பூட்டினார். கடைசி ரயில் பெட்டி விசாரணையில் அவ்வளவு நீண்ட விளக்கத்தை அலுப்பில்லாமல் கொண்டுபோனது சாதனைதான். இருந்தாலும் அது வேடக் கச்சிதம். ஐந்தில் ஐந்தாவது.

பட்டியலில் ஃபின்னிக்குப் போன அந்த இடம் நியாயமாக ஜீன் ஹாக்மனுடையது. 'தி கான்வர்சேஷ'னில் ஒட்டுக்கேட்கும் தொழில்நிபுணர் ஹாரி கால். 'காட்ஃபாதர்' எடுத்த அதே இயக்குநர் கொப்போலா, அதே 1974. நேஷனல் போர்டு ஆஃப் ரிவ்யூ அவ்வாண்டின் சிறந்த நடிகராக அவரைத்தான் அறிவித்தது. படம் கான் விழாவின் உச்ச விருதை வாங்கியது, ஆஸ்கரில் சிறந்த படத்துக்கான பட்டியலிலும் இருந்தது. ஹாக்மன் பெயர் மட்டும் இல்லை. ஊரார் பேச்சையெல்லாம் பதிவு செய்பவன், தன்னைப் பற்றி ஒரு வாக்கியம் பேச நேர்ந்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. மழைக்கோட்டுக்குள் சுருங்கி நடக்கும் அந்த உடம்பு ஒன்றே போதும். 1974 விவாதத்தில் ஹாக்மன் பெயரைச் சொல்லாதவர் பட்டியலை மட்டும் படித்தவர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்த ஒரு முடிவின் வால் எவ்வளவு நீளம் என்பதையும் சொல்ல வேண்டும். நிக்கல்சனுக்கு அடுத்த ஆண்டே கிடைத்துவிட்டது, அதுவும் 'டாக் டே ஆஃப்டர்நூன்' பசினோவைத் தாண்டி. பசினோ 1979-இலும் பட்டியலில் ஏறி இறங்கினார். கடைசியில் 1992-ஆம் ஆண்டு 'சென்ட் ஆஃப் எ வுமன்' படத்துக்குக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு 'மால்கம் எக்ஸ்' படத்தில் டென்சல் வாஷிங்டன் வாழ்நாள் நடிப்பைத் தந்திருந்தார். பசினோவுக்குப் பழைய பாக்கி தீர்ந்தது, டென்சலுக்குப் புதிய பாக்கி விழுந்தது. அவருக்கு முதன்மை நடிகர் விருது வர 2001-ஆம் ஆண்டு 'ட்ரெய்னிங் டே' வரை ஆனது. சரியான ஆண்டில் கொடுக்காத விருது, வேறொருவரின் ஆண்டில் கைவைத்துத்தான் தீர்கிறது. 1974-ஐ இவ்வளவு காலம் கழித்தும் நான் விடாமல் பேசுவதற்குக் காரணம் இதுதான்.

சொந்தமாக முடிவுக்கு வர விரும்புபவர்களுக்கு ஒரு யோசனை. முழுப் படங்களையும் பார்த்த பிறகு, மூன்று காட்சிகளை மட்டும் ஒலியை அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள்: முதியோர் இல்ல நடனம், ஈவ்லினை அறைந்த பிறகான சில நிமிடங்கள், சாவு வீட்டு அணைப்பு. பிறகு அதே மூன்றையும் திரையைப் பார்க்காமல் கேளுங்கள். ஒலி இல்லாமலும் கார்னியின் நடனம் நிற்கிறது. நிக்கல்சனுக்குக் குரல் போனால் கொஞ்சம் குறைகிறது. பசினோ காட்சியில் கேட்பதற்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. நடந்தது முழுவதும் ஒரு பார்வைக்குள் நடந்துவிட்டது.

என் வாக்குச்சீட்டு: பசினோ, நிக்கல்சன், ஹாக்மன், கார்னி, ஹாஃப்மன், இந்த வரிசையில்.